கொலையுண்டவரைத் தேடிப் போகும் பேத்திக்கு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "தாத்தாவோட கொள்ளுத் தாத்தாவை யார் கொன்னாங்க ஆச்சி? நான் கண்டுபிடிக்கப் போறேன்" என்றாய். உன் குரலில் இருந்த வேகத்தைக் கேட்டதும், 1983-இல் இதே வேகத்தோடு கிளம்பிய என்னை நினைத்துக்கொண்டேன். எனக்கு யார் என்று தெரியும். இருந்தாலும் பெயரை இங்கே எழுதமாட்டேன். அந்தக் காகிதங்களை நீயே தொட்டுப் படிக்க வேண்டும். மாடி அறையில் 4 அட்டைப் பெட்டிகளில் எல்லாம் இருக்கின்றன.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பெண் கன்சாஸ் புல்வெளியில் இறந்துபோன ஒரு வெள்ளைக்காரரை ஏன் தேடினாள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். உன் தாத்தாவின் அம்மா இறந்தபின் அவருடைய பைபிளில், பிறப்பு இறப்பு எழுதும் பக்கத்தில் ஒரு வரி பார்த்தேன்: "இந்தியர்களால் கொல்லப்பட்டார், 1873." வேறோர் இந்தியாவிலிருந்து வந்த எனக்கு அந்தச் சொல் திக்கென்றது. எங்கள் பக்கம் கொலையுண்டு செத்தவரைச் சும்மா விடமாட்டோம். பீடம் எழுப்பி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலிடுவோம். இந்த மனிதருக்குப் பீடம் எங்கே என்று உன் தாத்தாவைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அப்படித் தொடங்கியது இது.

1. கொலையிலிருந்து தொடங்காதே. நான் நேரே 1873-க்குத் தாவினேன். இரண்டு ஆண்டு வீணாயின. உன் பெயரை எழுது, அதன்மேல் உன் அப்பா, அதன்மேல் தாத்தா என்று படிப்படியாகப் பின்னே போ. ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும். அப்படிப் போனால் அவர் சாவதற்கு முன் அவரை நீ உயிரோடு சந்திப்பாய். 1870 மக்கள்தொகைக் கணக்கில் அவருக்கு முப்பது வயது. மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை, எழுதப் படிக்கத் தெரியும், தொழில் விவசாயம். நிலத்தின் மதிப்பை எழுதும் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நான் அதை எழுத்தர் விட்டுவிட்டார் என்று நினைத்துக் கடந்து போனேன். அது விடுபட்டதல்ல. அந்த நிலம் அவருடையதே அல்ல என்று அந்தக் கட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. சிறுவயதில் நீ விரும்பிப் படித்த லாரா இங்கல்ஸ் வைல்டரின் குடும்பமும் அதே ஆண்டுக் கணக்கில் பக்கத்து மாண்ட்கோமரி கவுண்டியில் இருக்கிறது. அவர்களும் ஓசேஜ் பழங்குடி மக்களின் நிலத்தில் அனுமதியில்லாமல் வீடு கட்டியவர்கள்தாம்.

2. வீட்டில் சொல்லிவந்த கதையை மதி. ஆனால் அதன்மேல் வீடு கட்டாதே. பைபிளில் எழுதிய "இந்தியர்கள்" அந்த ஓசேஜ் மக்கள், அவர்கள்தாம் கொன்றார்கள் என்பதை நான் ஐந்து ஆண்டு நம்பினேன். ஒரு நாள் உறைத்தது: அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார விவசாயியைப் பழங்குடியினர் கொன்றிருந்தால் பத்திரிகைகள் மாதக்கணக்கில் முழங்கியிருக்கும். ஓசேஜ் மக்களுக்கென அரசு வைத்திருந்த முகவர் ஆண்டுதோறும் வாஷிங்டனுக்கு அறிக்கை அனுப்புவார், அவை அச்சிலேயே இருக்கின்றன. அதிலும் ஒரு சொல் வந்திருக்கும். எங்கும் எதுவும் இல்லை. தப்பிப்போக வழியில்லாதவர் தலையில் பழியைப் போடுவது அன்று எளிதாக இருந்தது. 1857 செப்டம்பரில் யூட்டாவின் மவுண்டன் மெடோஸ் வெளியில், கலிபோர்னியா நோக்கிப் போன வண்டிக் கூட்டத்தில் சுமார் 120 பேர் கொல்லப்பட்டார்கள். அதைத் திட்டமிட்டு நடத்தியது மார்மன் சமயப் பிரிவுக் குடியேறிகளின் படை. பழி பையூட் பழங்குடியினர்மேல் விழுந்தது. ஜுவனிடா புரூக்ஸ் என்ற பெண் 1950-இல் உண்மையைப் புத்தகமாக எழுதினார். அவரும் மார்மன்தான், அந்தப் பக்கத்துக்காரர்தான். சொந்த ஊரார் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை எழுதினார். இந்த வேலையில் எனக்குக் குரு என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைத்தான் சொல்வேன்.

பொய்யான கதைக்குள்ளும் ஒரு விதை இருக்கும். நம் கதையில் கொலை உண்மை, ஆண்டு உண்மை. கொன்றவர் யார் என்பதை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஏன் என்பது பின்னால் புரிந்தது: கொன்றவரின் பிள்ளைகளும் செத்தவரின் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள்.

3. நிலத்தைத் தேடு, ஆள் கிடைப்பார். எங்கள் ஊரில் ஒரு சாண் வரப்புக்காக அரிவாள் எடுத்தவர்களை நான் அறிவேன். புல்வெளியில் முடிவில்லாத வெளி கிடக்கிறதே, அங்கே எதற்குச் சண்டை என்று நினைத்தேன். அங்கும் அதேதான்.

1862 ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் இலவசம் என்றது. ஆகவே ஹோம்ஸ்டெட் கோப்புகளில் மூன்று ஆண்டு தேடினேன். கிடைக்கவில்லை. வயதான ஒரு நூலகர், என் கையில் இருந்த பகுதி எண்ணைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, இது ஓசேஜ் நிலம். அங்கே இலவசம் கிடையாது. காசு கட்டித்தான் வாங்கியிருக்க வேண்டும்." 1870 ஜூலை 15 சட்டம் ஓசேஜ் மக்களை இந்தியன் டெரிட்டரிக்கு, அதாவது இன்றைய ஓக்லஹோமாவுக்கு, அனுப்பிவிட்டு, அவர்கள் விட்டுச்சென்ற நிலத்தை ஏக்கர் ஒன்றே கால் டாலருக்குக் குடியேறிகளுக்கு விற்றது. 160 ஏக்கருக்கு 200 டாலர். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் காசு கட்டியவர்களின் கோப்பைக் கேட்டு எழுதினேன். ஏழு வாரத்தில் வந்தது.

அதைப் பிரித்த நாளை மறக்கமாட்டேன். 14 அடிக்கு 16 அடி மரக்கட்டை வீடு. ஒரு கதவு, இரண்டு ஜன்னல். உழுத நிலம் 20 ஏக்கர். ஒரு கிணறு. இதெல்லாம் உண்மை, இவர் நேர்மையான குடியேறி என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர் சத்தியம் செய்திருந்தார்கள். ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்றவருக்கு எழுதத் தெரியாது. பெருக்கல் குறிபோல ஒரு கீறல், இடது கால் மட்டும் நீண்டு வளைந்தது. அந்தக் கீறலை இட்ட கைதான் அடுத்த ஆண்டு துப்பாக்கி எடுத்தது. அன்று எனக்கு அது தெரியாது. கோப்பை மூடி வைத்துவிட்டுச் சமைக்கப் போனேன்.

அந்தக் கிணற்றை மறந்துவிடாதே. அங்கே மக்கள் முதலில் வந்தார்கள், சர்வேயர்கள் பிறகு வந்தார்கள். 1870-இல் பக்கத்துப் பக்கத்தில் குடிசை போட்ட இரண்டு குடும்பங்களும் சேர்ந்து ஒரு கிணறு தோண்டின. அடுத்து வந்த அளவுச் சங்கிலி அரை மைல் அரை மைலாக நிலத்தைச் சதுரம் போட்டுக்கொண்டே போனது. யார் எங்கே கிணறு வெட்டினார்கள் என்று சங்கிலி பார்க்காது. கோடு விழுந்தபோது கிணறு நம்மவர் பக்கம் நின்றது.

4. தேதியை இரண்டு முறை படி. பழைய பத்திரிகைகளில் நாளுக்குப் பின்னால் இரண்டு சுருக்கெழுத்துகள் வரும். 'இன்ஸ்ட்.' என்றால் இந்த மாதம். 'அல்ட்.' என்றால் போன மாதம். செப்டம்பர் இதழில் "27 அல்ட்." என்று இருந்ததைச் செப்டம்பர் 27 என்று குறித்துக்கொண்டேன். அவர் செத்தது ஆகஸ்ட் 27. இந்த ஒரு சொல்லால் மரண விசாரணைக் காகிதத்தை ஓராண்டு தவறவிட்டேன், ஒரே கட்டில் நான் தேடத் தொடங்கிய பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் அது இருந்தது. அந்தக் காலக் கையெழுத்தில் இரட்டை 'எஸ்' வந்தால் முதல் எழுத்து 'எஃப்' போலத் தெரியும் என்பதையும் நினைவில் வை. ஜெஸ்ஸி என்பவர் ஜெஃப்ஸி ஆகிவிடுவார்.

5. இன்றைய வரைபடத்தை மடித்து வை. அவர் செத்தது ஹோவர்ட் கவுண்டியில். அப்படி ஒரு கவுண்டி இப்போது கன்சாஸில் இல்லை. 1875-இல் அதை எல்க், ஷடாக்குவா என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு கொலை நடந்த அன்று அந்த மண் எந்த நீதிமன்றத்தின் கீழ் இருந்தது என்று முதலில் கேள். சில இடங்கள் எதன் கீழும் இல்லை. 1888 ஜூலையில் ஸ்டீவன்ஸ் கவுண்டியின் தலைநகர் எது என்ற சண்டையில் நாலு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட இடம் எல்லைக்கு அப்பால், யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அழைக்கப்பட்ட ஒரு பட்டை. டெக்சாஸில் நடந்த வழக்கில் தூக்கு விதித்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1891-இல் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அந்த நாலு பேரின் பேரப்பிள்ளைகளும் எங்கோ இருப்பார்கள் என்று அடிக்கடி நினைப்பேன்.

6. ஒரு பத்திரிகையைப் படித்தால் பாதிதான் படித்தாய். பத்திரிகைகள் அன்று கட்சிக் கொடி பிடித்தவை. ஒன்று நம்மவரை "அமைதியான, உழைப்பாளியான மனிதர்" என்றது. இன்னொன்று "தண்ணீரைப் பூட்டி வைத்தவர்" என்றது. முதலாவதை வெட்டி ஒட்டி வைத்தேன். இரண்டாவதை ஒட்டாமல் விட்டேன். இப்போது அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. கன்சாஸ் வரலாற்றுச் சங்கத்தை 1875-இல் தொடங்கியவர்களே பத்திரிகை ஆசிரியர்கள்தாம். அதனால் சிற்றூர்ப் பத்திரிகைகள்கூட மாநிலத் தலைநகர் டொபீகாவில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே போனால் கொலைச் செய்தியோடு நிறுத்தாதே. அடுத்த நாலு வாரமும் படி. திருத்தம் எப்போதும் சின்ன எழுத்தில், மருந்து விளம்பரத்துக்குக் கீழே வரும்.

7. அவர் விட்டுச்சென்ற பொருள்களின் பட்டியலைப் படி. மரண விசாரணைக் காகிதம் அவர் உடலில் குண்டு எங்கே நுழைந்தது என்று சொல்லும். வாரிசு நீதிமன்றத்தின் சொத்துப் பட்டியல்தான் அவர் யார் என்று சொல்லும். அக்கம்பக்கத்தார் வந்து ஒவ்வொன்றாக விலை போட்டிருக்கிறார்கள். ஒரு கலப்பை, ஒரு கறவைப் பசு, அதன் கன்று, ஒரு அடுப்பு, மெத்தை விரிப்பு இரண்டு. கடைசியில் "வயலின் ஒன்று, தந்தி அறுந்தது." இந்த வரிக்கு முன்வரை அவர் எனக்கு ஒரு கொலை வழக்கு. அதற்குப் பிறகுதான் மனிதர் ஆனார். அந்த 14 அடி வீட்டில், குளிர்கால இரவில், அவர் என்ன வாசித்தார் என்று யோசித்துப் பார். இந்தக் கோப்பை வாங்க எனக்குப் பத்து ஆண்டு தோன்றவே இல்லை. கொலைக்கு அதில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. 1850 முதல் 1880 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கோடு, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் செத்தவர்களின் பட்டியலும் எடுத்தார்கள். காரணமும் அதில் இருக்கும். நம்மவர் 1873-இல் செத்ததால் அதில் விழவில்லை. நீ வேறு யாருக்காவது தேடினால் அதை முதலில் பார்.

8. தண்டனை விதித்தார்கள் என்றால் நிறைவேற்றினார்கள் என்று நினைக்காதே. 1874 வசந்தத்தில் நடுவர்கள் குற்றவாளி என்றார்கள். தூக்கு என்று பத்திரிகை போட்டது. "ஆச்சு, கணக்குத் தீர்ந்தது" என்று கோப்பின்மேல் எழுதி மூடினேன். 1872-இல் கன்சாஸ் ஒரு சட்டம் செய்திருந்தது எனக்குத் தெரியாது. தூக்கு விதிக்கப்பட்டவரைச் சிறையில் கடின வேலையில் வைக்க வேண்டும், ஓராண்டு கழிந்தபின் ஆளுநர் உத்தரவிட்டால்தான் தூக்கிலிடலாம் என்றது அது. எந்த ஆளுநரும் உத்தரவிடவில்லை. 1907-இல் மரண தண்டனையையே எடுத்துவிட்டார்கள். இந்தக் கையெழுத்தைப் போட மனம் வராத அத்தனை ஆளுநர்களையும் நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு இளகும். தூக்கில் செத்ததாக நான் எழுதி வைத்த மனிதர் லான்சிங் சிறையில் ஒன்பது ஆண்டு இருந்து, மன்னிப்புப் பெற்று, வீட்டுக்கு வந்தார்.

9. ஒரு பெயரைக் கொலைகாரன் என்று சொல்லுமுன் மூன்று இரவு தூங்கி எழு. இதை நான் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

வழக்குக் காகிதத்தில் பெயர் கிடைத்ததும், 1875-இல் கன்சாஸ் எடுத்த மாநிலக் கணக்கில் அதே பெயரைத் தேடினேன். பக்கத்து டவுன்ஷிப்பில் இருந்தார். கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர், மனைவி, ஐந்து பிள்ளைகள். அவருடைய வம்சத்தைப் பிடித்து இறங்கி, எண்பது வயதான ஒரு பேத்தியின் முகவரியைக் கண்டுபிடித்து, கடிதம் எழுதினேன். மிகவும் பண்பாகத்தான் எழுதினேன். உங்கள் பாட்டனார் எங்கள் வீட்டுப் பெரியவரைக் கொன்றவர், எனக்குக் கோபமில்லை, பேச விரும்புகிறேன் என்று. எவ்வளவு பெருந்தன்மை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

1875 கணக்கு மார்ச் 1 நிலவரப்படி எடுத்தது. கொன்றவர் அன்று லான்சிங் சிறையில் இருந்தார். வீட்டில் ஐந்து பிள்ளைகளோடு இருந்தவர் எப்படி அவராக முடியும்? ஒரு விரலால் எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பதினோரு மாதம் கழித்துத்தான் எண்ணினேன். அதற்குள் அந்த அம்மா தன் தம்பிகளிடம் சொல்லி, அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்லி, அந்த ஆண்டு அவர்கள் குடும்பக் கூடுகையில் யாரும் பாட்டனார் பெயரை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "கடிதம் கிடைத்தது" என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். அவர் இறந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்த அன்று பூஜை அறையில் விளக்கேற்றி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வட்டாரத்திலேயே இதற்குப் பெரிய பாடம் இருந்தது. 1873-இல் செரிவேல் ஊருக்குப் பக்கத்தில் விடுதி நடத்திய பெண்டர் குடும்பம் வழிப்போக்கர்களைக் கொன்று தோட்டத்தில் புதைத்துவிட்டு ஓடிப்போனது. அவர்கள் அகப்படவே இல்லை. 1889-இல் மிச்சிகனிலிருந்து இரண்டு பெண்களைப் பிடித்து வந்து, இவர்கள்தாம் அவர்கள் என்று நிறுத்தினார்கள். பார்த்தவர்கள் சிலர் ஆமாம் என்றார்கள். வழக்கு நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். விட்டபின் அந்தப் பெண்கள் ஊர் திரும்பி எப்படி வாழ்ந்திருப்பார்கள்? பெயர் என்பது உப்புபோல, ஒருமுறை கரைந்தால் அள்ள முடியாது.

10. நம்மவர் நல்லவராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதே. வழக்கின் சாட்சியங்கள் எங்களுக்கு 1996-இல் கிடைத்தன. உன் தாத்தா உரக்கப் படித்தார். காசு கட்டி ரசீது வாங்கியதும் நம்மவர் கிணற்றைச் சுற்றி வேலி போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தானும் தோண்டிய கிணறு என்றார். ரசீதைக் காட்டினார் இவர். அந்த ஆகஸ்டில் ஓடை வற்றிவிட்டது. அந்த வீட்டில் காய்ச்சலில் ஒரு குழந்தை. தாய் வாளியோடு இரண்டு முறை வந்தாள், இரண்டு முறையும் வெறும் வாளியோடு போனாள். மூன்றாவது முறை கணவன் வந்தான். உன் தாத்தா படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போனார். அன்று இரவு சாப்பிடவில்லை.

கொன்றது சரி என்று நான் சொல்லவில்லை. ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை விதவையாக்கியதற்குச் சமாதானம் கிடையாது. அந்தக் கைக்குழந்தைதான் உன் தாத்தாவின் பாட்டனார். ஆனால் பாதிக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு அழக்கூடாது.

இன்னும் ஒரு படி கீழே போ. அந்தக் கிணறு யார் மண்ணில்? பைபிளில் பழி எழுதப்பட்ட அதே ஓசேஜ் மக்களின் மண்ணில். அவர்கள் தெற்கே போய் வாங்கிய நிலத்தில் பின்னால் எண்ணெய் கிடைத்தது. 1920-களில் அந்தப் பணத்துக்காக அவர்களைச் சுட்டும் நஞ்சிட்டும் கொன்றார்கள். சில மரணங்களை நோய் என்று எழுதி மூடினார்கள். டேவிட் கிரான் 2017-இல் எழுதிய புத்தகம் வந்த பிறகு உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. ஓசேஜ் குடும்பங்களுக்கு என்றும் தெரியும். அவர்களில் உன் வயதுப் பெண்கள் இன்று உன்னைப்போலவே பெட்டி பெட்டியாகக் காகிதம் தேடுகிறார்கள். அவர்களுக்கு வேலை உன்னைவிடக் கடினம், ஏனென்றால் காகிதத்தை எழுதியவர்களே எதிரிகள்.

11. காகிதத்தில் இல்லாதவர்களையும் எண்ணிக்கொள். 1854-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், சீனர் எவரும் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது என்றது. 1885 செப்டம்பரில் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் 28 சீனத் தொழிலாளிகளைக் கொன்றார்கள். ஒருவர்மேலும் குற்றம் சாட்டப்படவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு வழக்குக் கட்டு எங்கே கிடைக்கும்? நமக்குக் கிடைத்த ஒவ்வொரு தாளும் ஒரு சலுகை என்று நினைத்துத் தொடு.

12. ஆவண அறையில் இருப்பவர்களிடம் பணிவாக இரு. பென்சில் மட்டும் எடுத்துப் போ. கேள்வியைச் சுருக்கமாகக் கேள். ஓர் எழுத்தர் "இல்லை" என்றால் அது தீர்ந்தது என்று பொருளல்ல, அன்று அவருக்கு நேரமில்லை என்றும் இருக்கலாம். அடுத்த முறை போகும்போது அவர் பெயரைச் சொல்லி நலம் விசாரி. இன்னொரு குடும்பத்தின் காகிதம் தற்செயலாகக் கண்ணில் பட்டால் குறித்துவைத்து, தேடுபவரிடம் சேர்த்துவிடு.

13. அந்த இடத்துக்குப் போ. நிலத்தின் எண்களைப் பிடித்துக்கொண்டு போனால் காலடி மண்வரைக்கும் போய்ச் சேரலாம். இப்போதைய உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேள். 1998 அக்டோபரில் நானும் தாத்தாவும் போனோம். கேனி ஆற்றுப் பக்கம், குட்டை ஓக் மரங்கள் நிற்கிற மேட்டு நிலம். வீடு இல்லை, கல்லறை இல்லை. புல்லுக்குள் வட்டமாக அடுக்கிய கல் மட்டும் இருந்தது, நடுவில் மண் தூர்ந்துபோய். நான் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வைத்து எடுத்துப் போயிருந்தேன். இலைக்குப் பதிலாகத் தட்டு. எங்கள் பக்கம் கொன்றவர் வீட்டாரும் செத்தவருக்குப் படைப்பது உண்டு. ஆகவே இரண்டு பங்கு வைத்தேன். தாத்தா ஏன் இரண்டு என்று கேட்கவில்லை.

14. மறுபக்கத்து வீட்டுக் கதவைக் கடைசியில் தட்டு. ஒன்பதாவதில் சொன்ன தவற்றுக்குப் பிறகு எனக்குத் துணிவு வரப் பல ஆண்டு ஆனது. எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்து, உண்மையான வம்சத்தைக் கண்டுபிடித்து, முதல் கடிதத்தில் கொலையைப் பற்றி எழுதாமல், உங்கள் முன்னோரும் எங்கள் முன்னோரும் ஒரே கிணற்றைத் தோண்டியவர்கள் என்று மட்டும் எழுதினேன். அவருடைய கொள்ளுப்பேத்தி, என் வயதுக்காரி, தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். எல்லாம் தெரிந்துதான் வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள்.

1874 செப்டம்பரில் சிறையிலிருந்து அவர் தன் மனைவிக்கு யாரையோ கொண்டு எழுதிய கடிதம். அந்தக் கோடையில்தான் வெட்டுக்கிளிகள் வந்து கன்சாஸ் முழுவதும் பயிரைத் தின்றன. சோளம், துணி, ஏர்ப் பிடியின் மரம் வரை கடித்தன. கிணற்றில் விழுந்து செத்துத் தண்ணீரை நாறடித்தன. கடிதத்தில் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறார், பசுவைக் கேட்டிருக்கிறார். பிறகு இரண்டு வரி: அந்த விதவைக்கு ஆண் துணை இல்லை. கிணற்றின்மேல் பலகை போட்டு மூடச் சொல்லு. கீழே ஒரு கீறல், இடது கால் மட்டும் நீண்டு வளைந்தது. நான் முதல் பெட்டியிலிருந்து நிலக் கோப்பை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் அந்த இரண்டு கீறல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தோம். காபி ஆறிப்போனது.

15. பெண்ணைத் தேடு. இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நானே கடைசியில்தான் செய்தேன். முப்பது ஆண்டு இரண்டு ஆண்களின் சண்டையைத் தேடினேன். அந்த ஆகஸ்டுக்குப் பிறகு ஐந்து வயதுப் பெண்ணையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, வெட்டுக்கிளி தின்ற நிலத்தில் குளிர்காலத்தைக் கடந்தவள் யார்? வழக்கில் அவள் "விதவை". சொத்துப் பட்டியலில் "விதவை". 1876-இல் மறுமணம் செய்தபின் வேறொருவரின் மனைவி. பிள்ளைகளும் மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரில் மறைந்துவிட்டார்கள். ஒரு காப்பாளர் நியமனக் கோப்பு இல்லாவிட்டால் அவர்களைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. தாய் உயிரோடு இருந்தாலும் பிள்ளைகளின் சொத்துக்கு நீதிமன்றம் காப்பாளர் வைத்த காலம் அது, அந்தக் கோப்பை எங்கும் கேட்டுப் பார்.

அவள் முதற்பெயர் தெரியும். பிறந்த வீட்டுப் பெயர் தெரியாது. நாலாவது பெட்டி அவளுடையது. கிட்டத்தட்டக் காலி. உள்ளே 1875 கணக்கின் ஒரு பக்கம் இருக்கிறது. கன்சாஸுக்கு எங்கிருந்து வந்தாய் என்று அந்தக் கணக்கில் ஒரு கேள்வி உண்டு. செத்துப்போன கணவர் இந்தியானாக்காரர். அவள் பெயருக்கு நேரே இல்லினாய்ஸ் என்று எழுதியிருக்கிறது. கல்யாணம் அங்கேதான் நடந்திருக்க வேண்டும். மூத்த பெண்ணின் வயதைப் பார்த்தால் 1867 வாக்கில். அங்கேயிருந்து பிடி. வரும் கோடை விடுமுறையில் வா, இரண்டு பேருமாக வண்டியில் போவோம்.